வீழ்ந்த விமானியும் விடுபட்ட பேர்களும்

போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடுதல் தமிழரிடையே தொன்றுதொட்டு நிலவிய வழக்கமாகும். கல்லைத் தேர்வதில் தொடங்கி, அதனை நீராட்டி, நட்டு, வாழ்த்துவது ஈறாகவுள்ள படிமுறைகளைத் தொல்காப்பியம் புறத்திணையியலில் வகுத்துரைக்கின்றது. அக்கல்லிலே வீரனது பெயரைப் பொறித்தனர். ஊரார் அவனை மறவாதிருத்தல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனினும், எல்லா ஊரும் எல்லார்க்கும் கல் நடவில்லை என்பதும் ஈண்டு நினைவுகொள்ளத்தக்கது. எவருக்காக ஒருவன் மாண்டானோ அவர்களே அவனுக்குக் கல் நட்டனர். மாண்டவனைத் தம்மவன் என்று உரிமை பாராட்ட ஓர் ஊர் இருந்தாலன்றி அவனுக்கு நடுகல் இல்லை.

இன்று அந்நடுகல்லின் இடத்தைப் பெருமளவிற்குத் திரைப்படம் பிடித்துக்கொண்டுள்ளது. போரில் இறந்த தன் மகனைத் திரையிலே நிறுத்தி, அவன் பெயரைக் கோடிக்கணக்கானோர் நாவில் வழங்கச் செய்வது நவீன அரசுகள் விரும்பிக் கைக்கொள்ளும் வழியாகிவிட்டது. அத்தகைய படங்களுள் வீழ்ந்த விமானியைப் பற்றியவை தனியொரு வகையாக எண்ணத்தக்கவை. காலாட்படை வீரன் பலருள் ஒருவனாக மடிகின்றான். விமானியோ தன்னந்தனியனாக வானில் நின்று போரிட்டு, பெரும்பாலும் பகைவன் மண்ணிலேயே வீழ்கின்றான். அவனது உடலைக்கூட அவன் வீட்டார் காண்பது அரிது. ஆதலினாலேயே அவன் கதை காவியத்திற்குரிய சோகத்தை எளிதிற் பெற்றுவிடுகின்றது.

நுவரெலியா, அட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் தோட்ட லயங்களிலும் இப்படங்கள் பார்க்கப்படுகின்றன. லயக் கூரைகளிற் பொருத்திய செய்மதித் தட்டுகளின் வாயிலாகவும் இளைஞரின் கைத்தொலைபேசிகள் வாயிலாகவும் உலகின் போர்க்களங்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவினுள் நுழைந்துவிட்டன. திரையில் விமானி வீழ்கையில் காம்பராவில் இருப்பவர்களும் கண்கலங்குகின்றனர். அக்கண்ணீர் உண்மையானது. ஆயினும் தேசபக்திப் படம் தன் பார்வையாளனிடம், “இவன் நம்மவன்” என்ற ஒப்புதலையும் சேர்த்தே வேண்டுகின்றது. நெடுங்காலம் எந்த நாடும் தம்மவர் என்று ஏற்காத மக்கள் கூட்டமொன்று அவ்வேண்டுகோளுக்கு என்ன மறுமொழி கூற இயலும்? இரு படங்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்தல் பயனுடையதாகும்.

முதலாவது ருஷ்ய நாட்டுப் படம். 2015 நவம்பர் 24 அன்று, சிரியாவின் வட எல்லையை அண்டிப் பறந்துகொண்டிருந்த ருஷ்யாவின் சு–24 குண்டுவீச்சு விமானமொன்றைத் துருக்கியின் எப்–16 போர்விமானம் சுட்டு வீழ்த்தியது. விமானி ஒலெக் பெஷ்கோவும் அவருடன் சென்ற வழிகாட்டி அதிகாரியும் பரகுடையின் உதவியுடன் வெளியே பாய்ந்தனர். வழிகாட்டி அதிகாரி பின்னர் மீட்கப்பட்டார். பெஷ்கோவ், பரகுடையில் இறங்கிக்கொண்டிருக்கையிலேயே நிலத்தில் நின்ற ஆயுதக்குழுவினரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இலக்காகி உயிரிழந்தார். அவரைத் தேடச் சென்ற மீட்புப் படையினருள்ளும் ஒருவர் மாண்டார். ருஷ்ய அரசு பெஷ்கோவுக்கு மரணத்தின் பின் நாட்டின் மிக உயர்ந்த வீரப்பட்டத்தை வழங்கியது. இந்நிகழ்ச்சியை அடியொற்றி இகோர் கொபிலோவ் இயக்கிய ‘வானம்’ என்னும் பொருள்படும் பெயர்கொண்ட படம் 2021 நவம்பரில் வெளியாயிற்று.

ருஷ்யத் திரையுலகிற்கு விமானியின் கதை புதியதன்று. இரண்டாம் உலகப்போரில், 1942 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் சுட்டு வீழ்த்தப்பட்ட அலெக்சேய் மரேசியெவ் என்னும் சோவியத் விமானி, சிதைந்த கால்களுடன் பதினெட்டு நாள்கள் பனிக்காட்டில் ஊர்ந்து தன் மக்களை வந்தடைந்தார். இரு கால்களையும் இழந்தபின் செயற்கைக் கால்களுடன் மீண்டும் போர்விமானம் ஓட்டினார். அவரை மாதிரியாகக் கொண்டு பொரிஸ் பொலெவோய் எழுதிய நூல் 1946 இல் வெளிவந்தது. 1948 இல் அது திரைப்படமாயிற்று. ‘உண்மை மனிதனின் கதை’ என்ற பெயரில் அந்நூல் தமிழிலும் வந்து, சோவியத் நூல்களை விரும்பிக் கற்ற தலைமுறையொன்றின் உள்ளத்தில் இடம்பெற்றது.

அப்பழைய கதைக்கும் புதிய படத்திற்குமிடையே உள்ள வேறுபாடு நோக்கற்பாலது. மரேசியெவ் தன் நாட்டினுள் நுழைந்த படையெடுப்பாளரை எதிர்த்துத் தன் மண்ணின் மேலே பறந்தவர். அவர் ஊர்ந்து சென்ற காடு அவருடைய நாட்டுக் காடு. அவரைக் கண்டெடுத்துப் பேணியவர்கள் அவருடைய நாட்டுச் சிற்றூர் மக்கள். பெஷ்கோவ் மாண்ட இடமோ பிறிதொரு நாட்டின் மலைச்சரிவு. அவரது விமானத்தின் கீழே வாழ்ந்த சிரிய மக்கள் யாவர், அவர்களுக்கு அந்த விமானம் எவ்வாறு தோன்றியது என்பன தேசபக்திப் படமொன்று கேட்டுக்கொள்ளும் கேள்விகள் அல்ல. விமானியின் துணிவு இரு கதைகளிலும் ஒன்றே. துணிவு எதற்காகச் செலவிடப்பட்டது என்பதிலேயே வேறுபாடு உள்ளது. வீரன் மீது கொள்ளும் மதிப்பினை அவனை அனுப்பிய கொள்கையின் மீது கொள்ளும் மதிப்பாக மாற்றிவிடுவதே இத்தகைய படங்களின் திறமை.

அரசுகளின் பகைமை எவ்வளவு விரைவில் மாறக்கூடியது என்பதற்கும் இந்நிகழ்ச்சியே சான்று. விமானம் வீழ்த்தப்பட்ட மறு ஆண்டே, 2016 ஜூனில், துருக்கியின் அதிபர் எர்டோகான் வருத்தம் தெரிவித்துக் கடிதம் அனுப்பினார்; உறவு புதுப்பிக்கப்பட்டது. 2019 ஜூலையில், வான்வழி வரும் விமானங்களைச் சுட்டு வீழ்த்தவல்ல எஸ்–400 ஏவுகணைத் தொகுதியைத் துருக்கி ருஷ்யாவிடமிருந்தே பெற்றுக்கொண்டது. விமானியைக் கொன்ற பகை நான்கு ஆண்டுகளில் வணிகமாயிற்று. அவர் வீட்டாரின் துயரம் மட்டும் அவ்வாறு மாறியிருக்க இயலாது. படம் வெளியாகி மூன்று மாதங்களில், 2022 பெப்ரவரியில், ருஷ்யப் படைகள் உக்ரேனினுள் நுழைந்தன. அதன்பின் வீழ்ந்த விமானிகள் எத்தனையோ பேர்.

இரண்டாவது படம் இந்தியாவினது. 1965 இல் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் மூண்ட போரில், செப்டெம்பர் 7 அன்று, பாகிஸ்தானின் சர்கோதா விமானத்தளத்தை இந்திய விமானப்படையின் மிஸ்தேர் விமானங்கள் தாக்கின. அத்தாக்குதலில் ஓர் இடம் வெறுமையானால் நிரப்புவதற்கென வைக்கப்பட்டிருந்தவர் குடகு மலைநாட்டைச் சேர்ந்த ஸ்குவாட்ரன் லீடர் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யா. அவர் சென்றார், திரும்பவில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்பதை இந்தியத் தரப்பில் எவரும் காணவில்லை. காணாமற்போனவர் என்று குறிக்கப்பட்ட அவர், பின்னர் இறந்தவராகக் கொள்ளப்பட்டார்.

உண்மை வெளிவந்த வழி வியப்புக்குரியது. பாகிஸ்தான் விமானப்படையின் தரப்புச் செய்திகளைத் திரட்டி ஆங்கில எழுத்தாளர் ஜோன் பிரிக்கர் 1979 இல் வெளியிட்ட நூலில், சர்கோதாவுக்கு அண்மையில் நிகழ்ந்த தனிச்சமர் ஒன்று விவரிக்கப்பட்டிருந்தது. ஒலியின் வேகத்தினும் இருமடங்கு வேகத்திற் செல்லவல்ல அமெரிக்கத் தயாரிப்பான ஸ்டார்பைட்டர் விமானத்தை, அதற்கு எவ்வாற்றானும் ஈடாகாத பழைய மிஸ்தேர் ஒன்று, தான் அடிபட்ட பின்னரும் எதிர்த்து நின்று வீழ்த்தியது. ஸ்டார்பைட்டரின் விமானி அம்ஜத் ஹுசேன் குதித்துத் தப்பினார். மிஸ்தேரின் விமானி மாண்டார். நிகழ்ச்சிகளை ஒப்பிட்டு நோக்கியபோது அம்மிஸ்தேரை ஓட்டியவர் தேவய்யாவே என்பது தெளிவாயிற்று. அவரது படையணித் தலைவராயிருந்த தனேஜா இதனை வற்புறுத்தினார். 1988 இல், வீழ்ந்து 23 ஆண்டுகள் கழிந்தபின், தேவய்யாவுக்கு மகாவீர் சக்ரா விருது வழங்கப்பட்டது. அதனை அவர் மனைவி பெற்றுக்கொண்டார்.

இக்கதையைத் தழுவிய ‘ஸ்கை போர்ஸ்’ என்னும் ஹிந்திப் படம் இந்தியக் குடியரசு நாளை ஒட்டி, 2025 ஜனவரி 24 இல் திரைக்கு வந்தது. சந்தீப் கெவ்லானியும் அபிஷேக் அனில் கபூரும் அதனை இயக்கினர். படத்தின் வான்சண்டைகளைக் காட்டிலும் மனத்தில் நிற்பது, தன் கீழிருந்த இளைஞன் ஒருவன் திரும்பாததை ஏற்க மறுத்து, ஆண்டுக்கணக்காக அவனைத் தேடும் தலைவனின் பிடிவாதமே. 1971 போரிற் கைதியாகப் பிடிபட்ட பாகிஸ்தான் விமானி ஒருவருடன் அவர் உரையாடும் பகுதி, பகைமையின் நடுவேயும் தொழில்வழி மதிப்பு ஒன்று நிலைக்கக்கூடும் என்பதைக் காட்டுகின்றது. தேசபக்திப் படங்களில் இத்தகைய தருணங்கள் அரிது. தேவய்யாவின் பெயரை அவர் நாட்டுக்கு மீட்டுக்கொடுத்தது எதிர்த்தரப்பின் சாட்சியமே என்பதை நினைக்கையில், நாட்டுப்பற்றானது எதிரியின் நேர்மைக்கும் கடன்பட்டிருக்கின்றது என்ற உண்மை புலனாகும்.

ஆயின், ஒருவரது பெயரை மீட்க எழுந்த இப்படமே அவரது பெயரைத் தன்னுள் வைத்துக்கொள்ளவில்லை. திரையில் வரும் வீரனின் பெயர் கிருஷ்ண விஜயா. தனேஜாவும் படத்தில் அகுஜா ஆகிவிடுகின்றார். ருஷ்யப் படத்திலும் பெஷ்கோவ், சோஷ்னிகோவ் என்ற பெயரிலேயே வாழ்ந்து மடிகின்றார். பொலெவோய்கூட மரேசியெவ் என்ற பெயரில் ஓரெழுத்தை மாற்றி மெரேசியெவ் என்றே எழுதினார். புனைவுக்கு உரிய உரிமை என்று இதற்கு அமைதி கூறலாம். எனினும் ஒன்று தெளிவாகின்றது. கல்லிற் பொறித்த பெயர் மாண்டவனுடையது. திரையில் ஒலிக்கும் பெயர் தேசத்திற்கு வேண்டிய வீரனுடையது. இரண்டும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் தேசத்திற்கு இல்லை.

தேவய்யா வீழ்ந்த அந்த 1965 ஆம் ஆண்டு மலையகத்திற்கு அந்நியமான ஆண்டன்று. அப்போரை நடத்திய இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. போர்வீரனையும் உழவனையும் ஒருசேர வாழ்த்தும் முழக்கத்தை இந்தியாவுக்கு அளித்தவர் அவர். போருக்குப் பின் சோவியத் பிரதமர் கொசிகினின் நடுநிலை முயற்சியால் தாஷ்கந்து நகரில் 1966 ஜனவரி 10 அன்று உடன்படிக்கையிற் கையொப்பமிட்டு, அன்று நள்ளிரவுக்குப் பின் அங்கேயே உயிர்நீத்தவரும் அவரே. இந்தியத் திரைப்படங்களுக்கும் பாடநூல்களுக்கும் உரிய சாஸ்திரி இவர். தேயிலை மலைகளில் அப்பெயர் வேறுவிதமாக வழங்குகின்றது. இங்கு அது தனியே வருவதில்லை. சிறிமா–சாஸ்திரி என்ற இணைப்பிலேயே வருகின்றது.

போருக்கு ஏறத்தாழப் பத்து மாதங்கள் முன்னர், 1964 ஒக்டோபர் 30 அன்று, இரு பிரதமர்களும் செய்துகொண்ட அவ்வொப்பந்தம் இலங்கையில் நாடற்றவராயிருந்த 975,000 பேரைப் பங்கிட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேர் இலங்கைக்கு. ஏழுக்கு நான்கு என்பது கணக்கு. மிஞ்சிய 150,000 பேரின் தலைவிதி பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்டு, 1974 இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டது. இப்பேச்சுவார்த்தையில் அம்மக்கள் ஒரு தரப்பாக அமரவில்லை. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மக்கள் இவர்கள். அவ்வெழுவருள் ஒருவர் தலவாக்கலையில் வென்ற கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. மறு ஆண்டு வந்த 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அவர்களது குடியுரிமையையும் வாக்கையும் பறித்தன. அதன்பின் அவர்கள் அரசுகளின் தாள்களில் எண்களாகவே இடம்பெற்றனர்.

இந்தியாவின் பங்காகக் குறிக்கப்பட்டோருட் பலர் அட்டனிலும் நானுஓயாவிலும் கோச்சி ஏறித் தலைமன்னார் சென்று கப்பல் ஏறினர். சிலர் நீலகிரியில் அரசு நிறுவிய தேயிலைத் தோட்டங்களிலும், சிலர் தேவய்யாவின் குடகு மலைக்கு அடுத்துள்ள சுள்ளியா, புத்தூர்ப் பகுதி இறப்பர்த் தோட்டங்களிலும் குடியேறினர். குடகின் மைந்தன் ஒருவன் இந்தியாவுக்காக உயிர்கொடுத்து மறக்கப்பட்டிருந்த அதே காலத்தில், குடகின் அயலிலே இந்தியாவின் புதிய பிரசைகள் சிலர் ‘சிலோன்காரர்’ என்ற பெயருடன் பால்வெட்டத் தொடங்கினர். இலங்கையில் இந்தியத் தமிழர், இந்தியாவில் சிலோன்காரர். தேசபக்திப் படம் கேட்கும் ‘நம்மவன்’ என்ற சொல்லுக்கு இவர்கள் எக்கரையில் நின்று விடையளிப்பது?

இலங்கையின் பங்கில் மிஞ்சியோருக்கும் காத்திருப்பு நீண்டது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டமே நாடற்றவர் என்ற நிலைக்கு முடிவுகட்ட வழிசெய்தது. 1948 இலிருந்து எண்ணினால் 55 ஆண்டுகள். ஒரு விமானியின் வீரத்தை ஒப்புக்கொள்ள ஓர் அரசுக்கு 23 ஆண்டுகள் சென்றன எனின், ஒரு மக்களின் இருப்பை ஒப்புக்கொள்ள இன்னோர் அரசுக்கு அதனினும் இருமடங்கிற்கு மேற்பட்ட காலம் சென்றது.

பெயர் என்னும் சொல்லுக்குத் தோட்டத்தில் வழங்கும் பொருளை இவ்விடத்துக் கூறுதல் தகும். பெரட்டுக் களத்திற் கூடி, கணக்கப்பிள்ளையின் ஏட்டில் பதிந்து, வேலைக்குச் சென்று முடித்தால் தொழிலாளிக்கு அன்று ‘ஒரு பேர்’. குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்கவில்லையாயின் ‘அரைப் பேர்’. மாதமுடிவில் எத்தனை பேர் விழுந்தது என்று கேட்பது, எத்தனை நாட்சம்பளம் என்று கேட்பதாகும். பெயர் என்பது ஒருவரைப் பிறரிடமிருந்து வேறுபடுத்தி அறிவதற்கு மனிதகுலம் கண்ட கருவி. தோட்ட நிருவாகத்தின் கையில் அதுவே உழைப்பை அளக்கும் கருவியாகியது. நிறை குறைந்தால் மனிதனின் பெயரே பாதியாகிவிடும் உலகம் அது. அவ்வுலகில் வாழ்ந்தோருக்கு, ஒரு தனிமனிதனின் பெயருக்காக இரண்டரை மணிநேரம் கண்ணீர் விடும் படம் எத்துணை வியப்பாக இருக்கும் என்பது எளிதிற் புலப்படும்.

வீழ்ந்தோர் மலையகத்தில் இல்லாமலில்லை. 1940 ஜனவரியில், ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில் நாட்கூலியில் சில சதங்கள் உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். 1977 மே மாதத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது தலவாக்கலையை அடுத்த டெவன் தோட்டப்பகுதியில் நடந்த சூட்டில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் வீழ்ந்தார். இவ்விருவரது பெயர்களும் தொழிற்சங்க மேடைகளிலும் நினைவுக் கூட்டங்களிலும் நிலைத்துள்ளன. அவற்றுக்கு அப்பால், மன்னாரிலிருந்து மாத்தளைவரை நீண்ட காட்டுப்பாதையில் வாந்திபேதியாலும் பசியாலும் மடிந்தவர்கள் உளர். 2023 இல், மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்த 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் மேற்கொள்ளப்பட்டபோது நினைவுகூரப்பட்டவர்கள் அவர்களே. ஆனால் அவர்களுட் பெரும்பாலோரின் பெயரைச் சொல்லி நினைவுகூர வழியிருக்கவில்லை.

மலையகத்து வானமும் தன் சாவுகளைக் கண்டுள்ளது. 1974 டிசெம்பர் 4 இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து மக்கா நோக்கிப் புறப்பட்ட ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த டச்சு நாட்டு டிசி–8 விமானம் மஸ்கெலியாவை அடுத்த சப்தகன்னியர் மலையில் மோதிச் சிதறியது. யாத்திரிகரும் பணியாளருமாக 191 பேரும் மாண்டனர். நோர்ட்டன் பிரிட்ஜில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் உண்டு. கொழுந்து மலைகளின் உச்சியில் வந்து விழுந்த அம்மனிதர்கள் எவருக்கும் பகைவரல்லர். எந்தக் கொடிக்காகவும் பறந்தவரல்லர். ஆயினும் இம்மலைநாடு அவர்களுக்கு ஒரு கல் நட்டது. “நம்மவர்” என்ற வேலிக்கு வெளியேயும் இரக்கம் சென்றடையக்கூடும் என்பதற்கு அது எளிய சான்று.

இலங்கைத் தமிழருட் பிறிதொரு பகுதியினர் வானத்தை நோக்கிய விதம் வேறு. வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் விமானத்தின் ஒலி கேட்டால் மக்கள் பதுங்குகுழிக்கு ஓடினர். 1995 ஜூலையில் யாழ்ப்பாணத்து நவாலியில் தேவாலயத்தை அடைக்கலமாக நாடியிருந்தோர் மீது குண்டுகள் விழுந்தன. தேவாலயத்துள் இருந்தவர்களின் கண்ணோட்டத்திலிருந்து எந்த விமானியின் கதையும் படமாகவில்லை. விமானப்படைப் படங்கள் எந்நாட்டிலும் மேலேயிருந்தே எடுக்கப்படுகின்றன. கீழே தெரிவது இலக்கு. மேலே இருப்பது முகம். சர்கோதாவின் ஊர்மக்களுக்கும், சிரியாவின் மலைக்கிராமத்தாருக்கும், நவாலியின் அகதிகளுக்கும் அப்படங்களில் முகமில்லை. விமானியின் பெயரை உரத்து ஒலிக்கச் செய்யும் அதே கலை, கீழேயுள்ளவர்களின் பெயர்களை ஓசையின்றி அழித்துவிடுகின்றது.

இது ஏதோ தொலைநாட்டுக் கலைப்பிரச்சினை என்று எண்ணுதல் பொருந்தாது. இலங்கையின் முன்னாள் இராணுவத்தினர் பலர் பணத்தாசை காட்டப்பட்டு ருஷ்யாவுக்கும் உக்ரேனுக்கும் போர்முனைக்கு அனுப்பப்பட்டதும், அங்கே சிலர் மாண்டதும் 2024 இல் பாராளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் பெரிதும் பேசப்பட்ட செய்தி. ஐரோப்பா செல்லப் புறப்பட்டு வழியில் ஏமாற்றப்பட்டு ருஷ்யப் படையிற் சேர்க்கப்பட்ட வடபகுதி இளைஞரின் பெற்றோர் தம் மக்களை மீட்டுத் தருமாறு மன்றாடியதும் அண்மைக்கால நிகழ்ச்சியே. இவர்களுள் வீழ்ந்தவர்களுக்கு ருஷ்யா படம் எடுக்காது, அவர்கள் ருஷ்யரல்லர். இலங்கையும் எடுக்காது, அவர்கள் இலங்கைக்காக மாளவில்லை. பொருளாதார நெருக்கடியால் வீட்டைவிட்டு வெளியேற நினைக்கும் இளைஞர் நிறைந்த தோட்டப்பகுதிகளில், வீரவிமானியின் ஒளிமிகுந்த படங்கள் என்ன ஆசையை விதைக்கின்றன என்பது சிந்தனைக்குரியது. திரையில் மரணம் பெயரோடு வருகின்றது. போர்முனையில் ஏழையின் மரணம் பெரும்பாலும் பெயரின்றியே வருகின்றது.

இவ்வாறு கூறுவதனால் வீழ்ந்த விமானியின் படத்தை மலையக மக்கள் பார்க்கலாகாது என்பது பெறப்படாது. பெஷ்கோவின் வீட்டார் அழுத கண்ணீரும் தேவய்யாவின் மனைவி காத்திருந்த ஆண்டுகளும் எவர் மதிப்பிற்கும் உரியவை. துயரத்திற்குக் கடவுச்சீட்டுத் தேவையில்லை. பிறநாட்டவன் மாண்டதற்கு அழக்கூடிய மனம் இம்மக்களிடம் இன்றும் இருப்பது பெருமைக்குரியதே. கேள்வி யாதெனில், அப்படங்களிலிருந்து எதனை எடுத்துக்கொள்வது என்பதாகும். கொடியையும் பகைமையையும் எடுத்துக்கொண்டால் அவை இரவலாகவே இருக்கும். அவற்றை வழங்கும் தேசங்கள் நாளையே அவற்றை மாற்றிக்கொள்ளவும் கூடும். துருக்கியின் கதை அதனைக் காட்டுகின்றது.

எடுத்துக்கொள்ளத்தக்கது ‘ஸ்கை போர்ஸ்’ படத்தின் தலைவனிடம் காணப்படும் அப்பிடிவாதம். தன்னுடன் புறப்பட்டவன் ஒருவன் ஏட்டில் ‘காணாமற்போனவர்’ என்ற சொல்லாக எஞ்சிவிடுவதை அவர் ஏற்கவில்லை. எதிர்த்தரப்பின் ஏட்டிலேனும் விடை இருக்குமாயின் அதனையும் புரட்டிப் பார்க்க அவர் தயங்கவில்லை. மலையகத்தின் மாண்டோரைத் தேடுவோருக்கும் இதுவே வழி. முல்லோயாச் சம்பவத்தின் விவரங்கள் அன்றைய குடியேற்ற ஆட்சி அமைத்த விசாரணைக்குழுவின் முன் பதிவாயின. தொழிலாளியின் பேரைப் பாதியாக வெட்டிய அதே தோட்டத்து ஏடுகளே, அவன் இன்ன ஆண்டில் இன்ன மலையில் வேலைசெய்தான் என்பதற்கும் சான்றாக உள்ளன. பிரஜாவுரிமை கோரி விண்ணப்பித்த காலத்தில் அத்தகைய பதிவுகளைத் தேடியலைந்த குடும்பங்கள் அனேகம். தோட்டத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகள், தொழிற்சங்கக் கடிதங்கள், தாய்நாடு திரும்பியோர் எழுதிய கடிதங்கள், கப்பலேறிய நாளில் எடுத்த குடும்பப் புகைப்படங்கள் ஆகியன லயங்களின் தகரப்பெட்டிகளிலும் தோட்டக் காரியாலயங்களின் பரண்களிலும் செல்லரித்துக்கொண்டிருக்கின்றன. ஒப்பாரியாகப் பாட்டிமார் பாடும் பெயர்கள் அவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன.

இவற்றைத் திரட்டுதல் பெரும் பணம் வேண்டும் முயற்சியன்று. பல்கலைக்கழகங்களுக்கு இன்று மலையகத்திலிருந்து வரும் மாணவர் ஒவ்வொருவரும் தம் தோட்டத்தில் ஒரு விடுமுறைக் காலத்தைச் செலவிட்டு, ஒவ்வொரு லயத்திலும் யார் யார் வாழ்ந்தனர், யார் யார் கப்பலேறினர், யார் எங்கே புதைக்கப்பட்டனர் என்று கேட்டு எழுதினாலே பெருந்தொகுதியொன்று உருவாகும். நாளை மலையகத்திலிருந்து ஒரு திரைக்கலைஞன் தோன்றும்போது அவனுக்குக் கைகொடுப்பது அத்தொகுதியே. அன்று அவன் எடுக்கும் படத்தில் வீழ்ந்தவனின் உண்மைப் பெயர் ஓரெழுத்தும் மாறாமல் ஒலிக்க வேண்டுமாயின், அப்பெயரை அறிந்தவர்கள் உயிரோடிருக்கும் இக்காலத்திலேயே அது எழுதப்படுதல் வேண்டும். டெவன் தோட்டத்தில் 1977 இல் இளைஞராக நின்றவர்கள் இன்று எழுபதை எட்டியுள்ளனர்.